குட்டிப் புதிர் கேம்கள்: சனிக்கிழமை சாயங்காலம் கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் கணக்கு டியூஷன் நடத்துகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் மடிக்கணினியை அங்கிருக்கும் பழைய டிவியில் மாட்டி, பிள்ளைகளும் நானும் சேர்ந்து ஏதாவது ஒரு சின்னப் புதிர் கேமை ஆடிப் பார்ப்போம். மூன்று வருடமாக இந்தப் பழக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வரும் அப்பா அம்மாக்கள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், அப்புறம் கேட்பார்கள். பழைய மாணவர்கள் துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போனில் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டு, என் பதிலை எழுதி வைத்திருக்கிறேன்.

இண்டி கேம்னா என்ன சார், இந்தியாவுல செய்ததா?

இல்லை. இண்டிபென்டன்ட் என்பதன் சுருக்கம்தான் இண்டி. பெரிய நிறுவனத்தின் பணமோ உத்தரவோ இல்லாமல் ஒருவரோ ஒரு சின்னக் குழுவோ தங்கள் இஷ்டப்படி செய்கிற கேம். கோரகோவா என்ற கேமின் படங்கள் அத்தனையையும் ஜேசன் ராபர்ட்ஸ் என்ற ஒரே ஆள் கையால் வரைந்தார். பாபா இஸ் யூ என்ற கேமைச் செய்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி டெய்க்கரி. இவர்களிடம் பெரிய சண்டைக் காட்சி எடுக்க ஆளும் கிடையாது, காசும் கிடையாது. கையில் இருப்பது ஒரு யோசனை. அதனால் அந்த யோசனையைக் கடைசிவரை பிழிந்து பார்க்கிறார்கள். எனக்கு இவர்களைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

புதிர் கேம்னா கேண்டி கிரஷ் மாதிரியா?

அதில் அடுத்து என்ன மிட்டாய் விழும் என்பது அதிர்ஷ்டம். நான் சொல்கிற புதிரில் தேவையானது எல்லாம் கண்முன்னாலேயே இருக்கும். கைவேகம் வேண்டாம், யோசித்தால் போதும். நம் பக்கத்தில் விடுகதையை அழிப்பாங்கதை என்போமே, அந்த வகை. ஆச்சி அழிப்பாங்கதை போட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். நாமாக அழித்தால்தான் உண்டு.

புதுமையான வடிவமைப்புன்னு சொல்லுதீங்களே, படம் நல்லா இருக்குறதைத்தானே சொல்லுதீங்க?

படமும் முக்கியம்தான். ஆனால் நான் சொல்வது விதியை. ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடு சுற்றி வளைத்து அடைக்கும். திண்ணையில் கரிக்கட்டையால் கோடு போட்டு, கல்லும் புளியங்கொட்டையும் வைத்து ஆடினாலும் ஆட்டம் அதேதான். எதிரெதிரே உட்காரும் இரண்டு பேருக்கும் வேறு வேறு பலம் கொடுக்கலாம் என்று யாரோ ஒருவர் முதன்முதலில் யோசித்தாரே, அதுதான் வடிவமைப்பு.

இப்போது மான்யுமென்ட் வேலி. 2014-ல் லண்டனைச் சேர்ந்த அஸ்டூ கேம்ஸ் வெளியிட்டது. ஐடா என்ற குட்டி இளவரசியைக் கோபுரங்கள் வழியாக நடத்திக் கொண்டுபோக வேண்டும். பாதை பாதியில் அறுந்து கிடக்கும். கட்டடத்தைத் திருப்பினால் ஏதோ ஒரு கோணத்தில் இரண்டு துண்டும் ஒட்டினமாதிரி தெரியும். கன்னியாகுமரி கடற்கரையில் நின்று, வள்ளுவர் சிலையின் தலையை இரண்டு விரலால் பிடிக்கிற மாதிரி நாம் எல்லோரும் போட்டோ எடுத்திருக்கிறோம். சிலை 133 அடி, அதுவும் கடலுக்குள் பாறைமேல் நிற்கிறது. போட்டோவிலோ விரல் தொடுகிறது. அந்தப் போட்டோவில் தெரிவதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்? விரல் வழியாக ஒரு எறும்பு நடந்து வள்ளுவர் தலைக்கே போய்விடும். மான்யுமென்ட் வேலியின் விதி இவ்வளவுதான்: ஒட்டினதாகத் தெரிந்தால் ஒட்டினதுதான். இந்த ஒரு வரியிலிருந்து 10 அத்தியாயம் எடுத்திருக்கிறார்கள்.

கோரகோவா (2017) இன்னும் ஒருபடி மேல். திரையில் நான்கு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம். ஒரு படத்தில் கதவு இருக்கிறது. அந்தப் படத்தைப் பிடித்து இழுத்தால் கதவு நிலை மட்டும் தனியாகக் கழன்று வருகிறது. அதை வேறொரு படத்தின் மேல் வைத்தால், அந்தக் கதவுக்குப் பின்னால் இப்போது இந்த ஊர். கதையில் வரும் பையன் இங்கே நுழைந்து அங்கே இறங்குகிறான். முதன்முறை இது நடந்தபோது எங்கள் வகுப்பில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. படச்சட்டம் என்றால் படத்தைச் சுற்றி இருக்கும் வேலி என்றுதான் நினைத்திருந்தோம். அதையே கையில் எடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

ஒண்ணரை மணிக்கூறுல முடியுத கேமுக்கு எதுக்கு ரூவா குடுக்கணும்?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். மகன் கேட்டான் என்று வாங்கிக் கொடுத்திருப்பார்கள், அவன் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டு எழுந்து வந்திருப்பான். வயிற்றெரிச்சல் நியாயமானதுதான். வெளிநாட்டுக்காரர்களுக்கும் இது வந்திருக்கிறது. மான்யுமென்ட் வேலிக்கு 2014 நவம்பரில் மேலும் 8 கட்டங்களைச் சேர்த்து, அதற்குத் தனியாக விலை வைத்தபோது, கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் தள்ளினார்கள்.

என் பதில்: நீளத்தை அளக்கிற கோல் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தோவாளையில் பூ வாங்கினால் எடை போட்டுத்தான் வாங்குகிறோம். அதே பூவை மடித்துப் பாய்மாதிரி பின்னி மாணிக்க மாலையாகக் கட்டிக் கொடுத்தால் யாரும் தராசைத் தேடுவதில்லை. குட்டிப் புதிர் கேமில் ஒவ்வொரு கட்டமும் முந்தின கட்டத்தில் நீங்கள் கற்ற ஒன்றை எடுத்துப் புரட்டிப் போடும். அந்தப் புரட்டல் தீர்ந்த இடத்தில் கேம் முடிந்துவிட வேண்டும். அதற்கு மேலும் இழுத்தால், தெரிந்த கணக்கையே எண்ணை மாற்றிப் பத்துத் தடவை போடச் சொல்வது மாதிரி ஆகிவிடும். நானே டியூஷனில் அப்படிப் போடச் சொல்கிறவன்தான், பரீட்சைக்கு அது வேண்டும். புதிருக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். குட்டியாக இருப்பதாலேயே ஒரு கேம் நல்லதாகிவிடாது. யோசனை பாதியில் கிடக்க, பணமோ பொறுமையோ தீர்ந்து நிறுத்தினவையும் நிறைய உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கடைசிக் கட்டத்தில் தெரியும். நல்லதில், முதல் கட்டத்தில் கற்ற விதி கடைசியில் வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

பாபா இஸ் யூல இருநூறு லெவலுக்கு மேல இருக்குல்லா? அது நல்ல கேம்னு நீங்கதான சொன்னீங்க?

சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1982-ல் ஜப்பானில் சோகோபான் என்று ஒரு கேம் வந்தது. கிடங்குக்காரர் பெட்டிகளைத் தள்ளி அந்தந்த இடத்தில் சேர்க்க வேண்டும். தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது. மூலையில் ஒரு பெட்டி மாட்டினால் தொலைந்தது. அப்புறம் வந்த நூற்றுக்கணக்கான பெட்டி தள்ளும் கேம்களுக்கு இதுதான் தாய்.

டெய்க்கரி என்ன செய்தார் என்றால், பெட்டிக்குப் பதிலாக விதிகளைப் பெட்டியாக்கினார். சுவர் தடுக்கும், கொடியைத் தொட்டால் ஜெயம் என்கிற விதியெல்லாம் திரையிலேயே ஆங்கிலச் சொற்களாக, தள்ளக்கூடிய கட்டைகளாகக் கிடக்கும். ‘சுவர் தடுக்கும்’ என்கிற வரியிலிருந்து ஒரு கட்டையைத் தள்ளிவிட்டால் வரி உடையும், சுவருக்குள் நடந்து போகலாம். பாபா என்பது நாம் நகர்த்துகிற குட்டிப் பிராணி. ‘பாபாதான் நீ’ என்பதை மாற்றி ‘சுவர்தான் நீ’ என்று அடுக்கினால் சுவர் முழுக்க உங்கள் சொல்படி நகரும். ஒரு மொழியையே கையில் கொடுத்துவிட்டார். மொழி இருநூறு வாக்கியத்தில் தீராது, அதனால் அந்த கேம் நீளமாக இருக்கலாம். யோசனை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நீளம் என்று மேலே சொன்னதுதான் இங்கேயும். சரி, இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதன் முதல் வடிவம் 2017-ல் நார்டிக் கேம் ஜாம் என்ற போட்டியில் ஒரே வார இறுதியில் செய்து, அங்கே பரிசும் வாங்கியது. முழு கேம் வந்தது 2019-ல். யோசனை வர இரண்டு நாள், அதன் மூலைமுடுக்கெல்லாம் தேடிப் பார்க்க இரண்டு வருடம்.

யூட்யூப்ல ஒருத்தர் ஆடுறத பாத்தாப் போதாதா?

சில கேமுக்குப் போதும். புதிர் கேமுக்குப் போதாது. அழிப்பாங்கதையை விடையோடு சேர்த்துச் சொன்னால் அதில் என்ன மிச்சம்?

இதைவிட எனக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஃப்ளாரன்ஸ் என்று 2018-ல் வந்த கேம், ஏறக்குறைய 40 நிமிஷம். ஃப்ளாரன்ஸ் என்ற பெண்ணுக்கும் கிரிஷ் என்ற செல்லோ வாசிக்கும் இளைஞனுக்கும் வரும் காதல். முதல் சந்திப்பில் அவள் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால், பேச்சுக் குமிழியை நாம் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன. நெருக்கம் வந்தபின் ஒரே துண்டு, சட்டென்று பேசிவிடலாம். பின்னால் சண்டை வரும்போது துண்டுகள் கூர்கூராக, சிவப்பாக வருகின்றன. அவனுக்கு முன்னால் சொல்லி முடிக்க வேண்டும் என்று நம் விரல் தானாக அவசரப்படுகிறது. வீடியோவில் பார்க்கிறவருக்கு இது ஒரு கதை. ஆடுகிறவருக்கோ, அந்தக் கோபம் அவருடைய கையிலேயே இருக்கிறது. ‘நான் ஏன் இவ்வளவு வேகமா அடுக்கினேன் சார்?’ என்று ஒரு பிளஸ் ஒன் மாணவி என்னைக் கேட்டாள். அந்த கேமைப் பற்றி நான் கேட்ட பேச்சில் சிறந்தது அதுதான்.

மாட்டிக்கிட்டா விடையத் தேடிப் பாக்கலாமா?

பார்க்கலாம், ஆனால் அன்றைக்கே வேண்டாம். மூடிவைத்துவிட்டுத் தூங்கி எழுந்து ஒருமுறை முயலுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் புதிர்கள் அடுத்த சனிக்கிழமை முதல் ஐந்து நிமிஷத்தில்தான் அவிழ்ந்திருக்கின்றன.

எங்க அம்மைக்கு எழுபது வயசு. இங்கிலீஷ் தெரியாது. அவளால ஆட முடியுமா?

கோரகோவாவில் படிக்க வேண்டிய எழுத்தே கிடையாது. கதை முழுக்கப் படத்திலேயே நடக்கிறது. மான்யுமென்ட் வேலியிலும் எழுத்து குறைவு, படிக்காமலேயே ஆடிவிடலாம். பெரிய திரையில் போட்டுக் கொடுங்கள். முதல் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கையை நீட்டி நீங்களே தொட்டுவிடாதீர்கள். பல்லாங்குழியில் 14 குழியையும் கண்ணாலேயே கணக்குப் போடுகிறவர்களுக்கு இது கடினமில்லை. திரையைத் தொட்டால் ஏதாவது கெட்டுப்போகுமோ என்கிற பயம் ஒன்றுதான் தடை. இந்த கேம்களில் தப்பாகத் தொட்டால் எதுவும் கெடாது, யாரும் சாகமாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழ்க் குடும்பத்தப் பத்தி ஏதாச்சும் இருக்கா?

இருக்கிறது, அதுவும் பெயரே ‘வெண்பா’. டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்த் தம்பதி வெண்பாவும் பாவலனும், அங்கே பிறக்கும் மகன் கவின். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 2024-ல் இண்டி கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் முதன்மைப் பரிசும், முதல் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது.

அதன் புதிர்கள் சமையலறையில் இருக்கின்றன. வெண்பாவிடம் அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. பக்கம் கிழிந்து, கறைபட்டுப் பாதி வரி அழிந்திருக்கும். விட்டுப்போன படியை நாமே ஊகிக்க வேண்டும். ஒரு அத்தியாயம் புட்டு! எங்கள் பிள்ளைகளிடம் அன்று ஏற்பட்ட சத்தத்தைச் சொல்லி மாளாது. புட்டுக்குழலில் துளைத்தட்டைப் போடாமல் மாவைக் கொட்டினால் எல்லாம் பானைத் தண்ணீருக்குப் போய்விடும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் தினமும் ஆச்சிக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன் அன்று எல்லோருக்கும் முந்திவிட்டான்.

வடிவமைப்பாகப் பார்த்தால் இதில் எனக்குப் பிடித்தது இது: அழிந்த குறிப்பு என்பது புதிருக்காகச் சேர்த்த தடை இல்லை. ஊரைவிட்டுப் போன குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏதோ ஒரு வரி அழிந்துபோகிறது. கதையும் அதுவே, புதிரும் அதுவே. வீட்டுக்கு ஒருவர் கடல் தாண்டி இருக்கும் நம் மாவட்டத்தில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று ஆட நேரம் இருந்தால், இதை ஆடுங்கள்.

இதெல்லாம் ஆடினா கணக்குல மார்க்கு கூடுமா?

அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். கூடாவிட்டாலும் நான் சனிக்கிழமையை நிறுத்தப் போவதில்லை. பாட்டு கேட்டால் மார்க்கு கூடுமா என்று யாரும் கேட்பதில்லையே.

ரெண்டு மணிக்கூறுக்குள்ள முடிச்சிட்டு ஸ்டீம்ல ரூவாயத் திருப்பி வாங்கலாமாமே. விதியிலதான இருக்கு?

ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் இணையக் கடை. அதன் விதியில் இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். கேம் உங்கள் கணினியில் ஓடவில்லை, அல்லது பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள். அதற்காகத்தான் அந்த விதி.

ஆனால் யார்மேல் இந்த விதி விழுகிறது என்று பாருங்கள். நாற்பது மணி நேரம் ஓடுகிற பெரிய கேமை யாரும் 2 மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பணம் கேட்க முடியாது. ஒன்றரை மணி நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கிற ஆளுக்குத்தான் நஷ்டம். இப்படியே போனால் அடுத்த கேமில் அவர் வேண்டாத அரைமணி நேரத்தைச் சேர்ப்பார். அப்போது நாம்தான் இழுவை என்று குறை சொல்வோம். ரசித்து முடித்த கேமுக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பது தப்பு. என் மாணவர்களிடமும் இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவேன்.

யோசனைதான் எல்லாம்னா, வேற ஒருத்தன் காப்பி அடிச்சா போச்சே?

போய்த்தான் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் த்ரீஸ் என்ற எண் புதிர் வந்தது, எண் கட்டைகளைத் தள்ளி ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய எண்ணாக்குகிற ஆட்டம். ஆஷர் வோல்மரும் கிரெக் வோல்வெண்டும் சேர்ந்து 14 மாதம் உழைத்தது. அடுத்த மாதமே 2048 என்ற கேமை கேப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் ஒரு வார இறுதியில் எழுதி இலவசமாக வெளியிட்டார். அதுவும் த்ரீஸைப் பார்த்துச் செய்த இன்னொன்றின் வழியாக வந்தது. இன்றைக்கு நம் ஊரில் 2048 ஆடாத கல்லூரிப் பிள்ளை இல்லை. த்ரீஸ் என்ற பெயரைக் கேட்டவர்களோ குறைவு.

த்ரீஸ்காரர்கள் அந்த 14 மாதமும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்களை வெளியிட்டார்கள். ஒவ்வொரு எண்ணையும் ஏன் அப்படி வைத்தோம், எதையெல்லாம் போட்டுப் பார்த்துத் தூக்கி எறிந்தோம் என்று அதில் இருக்கிறது. 2048-ல் எல்லாவற்றையும் ஒரே மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு போனால் வெகுதூரம் போய்விடலாம். த்ரீஸில் அந்தக் குறுக்குவழி எடுபடாமல் பார்த்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஆடிப் பாருங்கள். எனக்கு த்ரீஸ்தான். இதனால் அவர்கள் நஷ்டம் ஈடாகாது என்பதும் தெரியும்.

நாங்களே ஒண்ணு செய்யணும்னா எங்க ஆரம்பிக்கணும்? நமக்கெல்லாம் கோடிங் தெரியாதே.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, நாலு நாணயம். மேலே சொன்ன சோகோபானை அப்படியே பேப்பரில் ஆடலாம். ஒரு விதியை மட்டும் மாற்றிப் பாருங்கள். அப்புறம் பஸில்ஸ்கிரிப்ட், புதிர் கேம் எழுதுவதற்கான கருவி. ஸ்டீபன் லாவெல் என்பவர் 2013-ல் இலவசமாக வெளியிட்டது, பிரௌசரிலேயே எழுதி அங்கேயே ஆடலாம். பெட்டி தள்ளும் விதி அதில் ஒரே வரி.

யோசனைக்கு வெளியே எங்கும் போக வேண்டாம். போன வருடம் எங்கள் பிளஸ் டூ மாணவி ஒருத்தி மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொண்டாள். 1966-ல் கட்டினது, 28 தூண், 115 அடி உயரம். கீழே பரளியாறு, மேலே தொட்டியில் கால்வாய்த் தண்ணீர். எத்தனையோ தடவை போயிருக்கிறோம், ஆற்றுக்கு மேலே ஆறு போகிறது என்று எனக்குப் பட்டதே இல்லை. அவளுக்குப் பட்டது. அவள் வைத்த விதி: ஒரு தண்ணீர் இன்னொரு தண்ணீரைத் தொடக்கூடாது. கட்டத்தாளில் இரண்டு ஓடை, இரண்டு வயல், கையில் ஒரே ஒரு தொட்டி. எந்த இடத்தில் குறுக்கே போட்டால் இரண்டும் கலக்காமல் போய்ச் சேரும்? முதல் இரண்டு கட்டம் இவ்வளவுதான். மூன்றாவதில் ஒரு ஆடு அக்கரைக்குப் போக வேண்டும். எல்லோரும் ஆற்றில் ஆழமில்லாத இடத்தைத் தேடினோம். தண்ணீர் போகக் கட்டின தொட்டியின் ஓரமாகவே ஆடு நடந்து போகலாம்! நிஜப் பாலத்தில் நாம் எல்லோரும் அப்படித்தானே நடக்கிறோம். கோரகோவாவின் கதவைப் பார்த்தபோது வந்த அதே அமைதி அன்றைக்கும் வகுப்பில் வந்தது.

அந்தத் தொட்டிப்பாலம் கேம் எப்ப வரும் சார்?

முதலில் 14 கட்டம் வைத்திருந்தாள். அதில் ஐந்தை அவளே அடித்துவிட்டாள், அவற்றில் ஓடைகள்தான் கூடினவே தவிர யோசனை கூடவில்லை என்று. மிச்சம் ஒன்பது. ஆறு வரை பஸில்ஸ்கிரிப்டில் ஓடுகிறது. ஒன்பதாவதில் ஆட்டையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் கடக்க வைக்கப் பார்க்கிறாள், இன்னும் பிடிபடவில்லை. இப்போது கல்லூரியில் சேர்ந்துவிட்டதால் லீவுக்கு வரும்போதுதான் உட்காருகிறாள். பேப்பரில் போட்டது டியூஷன் அலமாரியில் இருக்கிறது. சனிக்கிழமை ஐந்தரைக்கு மேல் வந்தால் நாணயம் வைத்து ஆடிப் பார்க்கலாம். எட்டாவது கட்டத்துக்கு அவளிடம் இருக்கும் விடை ஏழு நகர்த்தல். ஆறில் முடித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவளுக்கு உடனே தெரிய வேண்டும்.